ஆபிரிக்கக் குழந்தைகளின் தாடைக் கட்டியும் அதன் காரணங்கண்ட வரலாறும்

புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றும் கிருமியால் விளைவதன்று என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் வைத்திய உலகம் பெரிதும் ஐயமின்றிக் கொண்டிருந்த கொள்கையாகும். அதற்கு மாறான சான்று இல்லாமலில்லை. 1911ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் நகரில் பேற்றன் றவுஸ் என்பார், கோழியொன்றில் எழுந்த கட்டியை அரைத்து, கலங்கள் யாவும் நீங்க வடித்தெடுத்த சாற்றை வேறொரு கோழியின் உடலிற் செலுத்தி, அதே கட்டியை மீண்டும் உண்டாக்கிக் காட்டினார். கோழிக்குப் பொருந்துவது மனிதர்க்கும் பொருந்தவேண்டுமென்பதில்லை எனக் கூறி அறிஞர் அதனை ஒதுக்கினர். அக்கண்டுபிடிப்புக்காக றவுஸ் நொபெல் பரிசு பெற்றது 1966இல், தமது எண்பத்தேழாம் வயதிலாகும். அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே மனிதப் புற்றொன்றில் முதன்முதலாக வைரசொன்று கண்டறியப்பட்டிருந்தது. அதனைக் கண்ட வழி ஆய்வுகூடத்திலே தொடங்கியதன்று. உகண்டா நாட்டு வைத்தியசாலையொன்றின் நோயாளர் விடுதியிலே தொடங்கியது.

கம்பாலா நகரின் முலாகோ வைத்தியசாலையில் அக்காலத்திற் சத்திரவைத்தியராகக் கடமையாற்றியவர் டெனிஸ் பேர்கிற். 1911இல் அயர்லாந்திற் பிறந்தவர். சிறுவயதில் நேர்ந்த விபத்தில் வலக்கண்ணை இழந்தவர். 1957ஆம் ஆண்டில் ஒருநாள், உடன் கடமையாற்றிய வைத்தியர் ஹியூ ட்றோவெல், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்க்கும்படி அவரை அழைத்தார். மேற்றாடையின் இரு பக்கத்தும் கீழ்த்தாடையின் இரு பக்கத்துமாக நான்கு வீக்கங்கள் அச்சிறுவனுக்கு இருந்தன. பற்கள் ஆட்டங்கண்டு முகம் உருமாறியிருந்தது. சீழ்க்கட்டியாயின் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். புற்றாயினும் ஓரிடத்திலேயே தொடங்குதல் வேண்டும். நான்கிடத்தும் ஒருங்கே எழுந்த இதனை எவ்வகையிற் சேர்ப்பதென்பது பேர்கிற்றுக்கு விளங்கவில்லை. சில வாரங்களின் பின் ஜிஞ்சா நகரத்து வைத்தியசாலைக்குச் சென்றிருந்தபோது, யன்னல் வழியே வெளியே நோக்கியவர், புல்வெளியில் தாயுடன் அமர்ந்திருந்த குழந்தையொன்றின் முகத்திலும் அவ்வாறே வீக்கங்களைக் கண்டார். அக்குழந்தையின் வயிற்றிலும் கட்டி இருந்தது. ஒருமுறை கண்டால் அது விந்தை. இருமுறை கண்டால் அது நோய் என்று கொள்ளல் வேண்டுமன்றோ? அன்று முதல் வைத்தியசாலையின் பழைய பதிவேடுகளைப் புரட்டலானார். தாடை, வயிறு, சிறுநீரகம் என வெவ்வேறு தலைப்புகளில், வெவ்வேறு பெயர்களால் எழுதிவைக்கப்பட்டிருந்த குழந்தைப் புற்றுகள் பல ஒரே நோயின் பல முகங்கள் என அவர் உணர்ந்தார்.

நோய் புதியதன்று. 1897ஆம் ஆண்டில் உகண்டாவுக்கு வந்து மெங்கோவில் வைத்தியசாலை நிறுவிய சமய ஊழியரான அல்பேட் குக் என்பாரின் குறிப்பேடுகளிலேயே இத்தகைய தாடைக் கட்டிகள் பதிவு பெற்றிருந்தன. கண்டவர் பலர், ஒன்றென்று கண்டவர் ஒருவரே. பேர்கிற் 1958இல் வெளியிட்ட முதற் கட்டுரையில் இதனை இணைப்பிழையத்தில் எழும் புற்றெனப் பெயரிட்டார். அது தவறு. கம்பாலாவில் ஆய்ந்த நோயியல் நிபுணர்களான ஒக்கோனர், டேவிஸ் ஆகியோர், இது நிணநீர்க் கலங்களில் எழும் புற்று என்பதனையும், உகண்டாக் குழந்தைகளிடங் காணப்பட்ட புற்றுகளுள் ஏறக்குறைய அரைவாசி இவ்வினத்தவையே என்பதனையும் பின்னர் நிறுவினர்.

பேர்கிற்றின் தனிச்சிறப்பு, நோய் யாது என வினவியதோடு அமையாது அது எங்கே உளது எனவும் வினவியதாகும். தென்னாபிரிக்காவில் இந்நோய் இல்லை என்று கேள்வியுற்றபோது அவ்வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது. நோயுற்ற குழந்தைகளின் படங்களுடன் வினாப்பத்திரங்களை அச்சிட்டு ஆபிரிக்கா எங்கணுமுள்ள வைத்தியசாலைகளுக்கு அனுப்பினார். விடை வரவர, சுவரிலிருந்த தேசப்படத்தில் ஊசிகளைக் குத்தினார். கண்டத்தின் நடுவே, பூமத்திய கோட்டின் இருபுறத்தும் ஒரு பட்டை உருவாயிற்று. அதன் தென் எல்லையை நேரிற் காணும்பொருட்டு, 1961ஆம் ஆண்டின் இறுதியில், 250 பவுணுக்கு வாங்கிய பழைய மோட்டார் வண்டியொன்றில் இரு வைத்திய நண்பர்களுடன் புறப்பட்டார். பத்து வாரங்களில் ஏறக்குறைய 10,000 மைல் சென்று, ஐம்பதுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகளை அவர்கள் பார்வையிட்டனர். ஒவ்வோரிடத்தும் கேட்ட கேள்வி ஒன்றே: இப்படத்திலுள்ளது போன்ற குழந்தையைக் கண்டதுண்டா?

அப்பயணத்திற் கிடைத்த விடை வியப்புக்குரியது. பூமத்திய கோட்டின் அருகே 5,000 அடிக்கு மேற்பட்ட உயர்நிலங்களில் நோய் இல்லை. தெற்கே செல்லச் செல்ல அவ்வுயர எல்லையும் தாழ்ந்துகொண்டே வந்தது. உயரம் என்று தோன்றியது உண்மையில் வெப்பநிலையே என எடுத்துக்காட்டியவர் என்ரெபேயிலிருந்த வைரசு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் அலெக்சாந்தர் ஹடோ. குளிர்காலத்தும் வெப்பநிலை 60 பாகை பரனைற்றுக்குக் குறையாத, ஆண்டு மழை 20 அங்குலத்துக்குக் குறையாத நிலங்களிலேயே நோய் நிலவிற்று. இத்தகைய எல்லைகளுக்குட்பட்டு வாழ்வன நுளம்பு முதலிய பூச்சிகள். ஆகவே நுளம்பு கொணரும் வைரசு ஒன்றே இப்புற்றுக்குக் காரணமாதல் கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது. இக்கருத்து தவறென்பதும், தவறாயினும் முற்றிலும் தவறன்றென்பதும் பின்னர்ப் புலப்படும்.

பேர்கிற் தமது பெரும் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்னர், 1961 மார்ச்சு 22இல், இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலைக் கல்லூரியில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்டிருந்தோருள் ஒருவர் அந்தனி எப்ஸ்ரைன். றவுஸ் கண்ட கோழி வைரசை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து வந்தவர் அவர். மனிதப் புற்றிலும் வைரசு இருத்தல் கூடும் என எண்ணுவோர் அரியராயிருந்த காலத்தில், அவ்வெண்ணத்துக்குப் பழகிய உள்ளம் அவ்வவையிலே இருந்தது ஒரு நற்பேறு எனலாம். தட்பவெப்பத்தைப் பொறுத்துப் பரவும் புற்று என்ற செய்தி காதில் விழுந்ததும், தாம் செய்துகொண்டிருந்தவற்றை விடுத்து இதனையே ஆராய்வதென அவர் துணிந்தார். கம்பாலாவில் அறுத்தெடுத்த கட்டித் துண்டுகள் பனிக்கட்டியில் வைக்கப்பட்டு விமானமூலம் இலண்டன் வரலாயின.

இரண்டாண்டுகளுக்கு மேல் ஒன்றுங் கிட்டவில்லை. துண்டு துண்டாகச் சீவி நோக்கியும் கட்டியில் வைரசின் சாயலே காணப்படவில்லை. கலங்களை உடலுக்கு வெளியே வளர்த்தால், உடலின் காவலுக்கு அஞ்சி ஒளிந்திருக்கும் வைரசு வெளிப்படுதல் கூடும் என எப்ஸ்ரைன் கருதினார். ஆயின் மனித நிணநீர்க் கலங்களை அவ்வாறு நெடுநாள் வளர்த்தெடுத்தார் அதுவரை எவருமிலர். அமெரிக்கப் புற்றுநோய் நிறுவகம் வழங்கிய நிதியினால் இருவர் அவருக்குத் துணையாயினர். ஒருவர் திரினிடாட்டிற் பிறந்த பேட் அச்சொங். இலத்திரன் நுணுக்குக்காட்டி வேலையில் வல்லவர். மற்றவர் அயர்லாந்துப் பெண்மணியான ஈவோன் பார். கலங்களை வளர்க்கும் பொறுப்பு அவருடையது.

1963 திசெம்பர் 5இல் வரவேண்டிய கட்டி, இலண்டனை மூடிய பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்ரருக்குத் திருப்பப்பட்டமையின் நேரந் தாழ்த்தே வந்து சேர்ந்தது. அது மிதந்திருந்த திரவம் கலங்கியிருந்தது. வழியிற் பற்றீரியா புகுந்து கெடுத்துவிட்டதென்றே எவரும் நினைப்பர். வேறொருவர் கையிற் கிடைத்திருப்பின் அது கழிவுத் தொட்டிக்குப் போயிருக்கும். எறியுமுன் ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார் எப்ஸ்ரைன். கலக்கத்துக்குக் காரணம் பற்றீரியா அன்று. கட்டியிலிருந்து குலுங்கி உதிர்ந்த நிணநீர்க் கலங்கள், உயிருடன், தனித்தனியே மிதந்துகொண்டிருந்தன. கட்டித் துண்டுகளைக் கண்ணாடியில் ஒட்டவைத்து வளர்க்க முயன்றதே அதுவரை செய்த தவறு. மிதக்கவிட்டால் அவை வளரும் என்பதனைத் தாமதித்த விமானமே கற்பித்தது. அவ்வாறு வளர்ந்த முதற் பரம்பரைக்கு எப்ஸ்ரைன், பார் என்னும் இருவர் பெயரின் முதலெழுத்துகளை இட்டனர்.

1964 பெப்புருவரி 24இல், அக்கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கிய எப்ஸ்ரைன், பார்த்த முதற் சல்லடையிலேயே வைரசு நிறைந்த கலமொன்றைக் கண்டார். இலத்திரன் கதிரின் வெம்மையால் மாதிரி எரிந்துவிடுமோ என அஞ்சிக் கருவியை நிறுத்திவிட்டு, மேற்சட்டையும் இன்றி வெளியே பனியில் ஒரு சுற்று நடந்து, உள்ளம் அமைதியுற்ற பின்னரே மீண்டு வந்து நோக்கினார் என்பர். உருவத்தால் அது ஹேர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. உதட்டிற் கொப்புளம் எழுப்புவதும் கொப்புளிப்பானை உண்டாக்குவதும் அக்குடும்பத்து வைரசுகளே. அவ்வாண்டு மார்ச்சு 28இல் இலண்டன் வைத்திய வார இதழான லான்செற்றில் எப்ஸ்ரைன், அச்சொங், பார் என்னும் மூவர் பெயரால் அச்செய்தி வெளிவந்தது. வைரசுக்கு வழங்கும் பெயரிலோ அச்சொங்கின் பெயர் இல்லை. கலப் பரம்பரைக்கு இட்ட பெயரே வைரசுக்கும் ஒட்டிக்கொண்டமையால் நேர்ந்த விளைவு இது. நீதியன்று எனினும் இனி மாற்றுதற்கில்லை.

நிற்க. ஹேர்ப்பிஸ் குடும்பத்து வைரசு எதனையும் நுளம்பு பரப்புவதில்லை. அங்ஙனமாயின் தேசப்படத்திற் பேர்கிற் கண்ட பட்டைக்குப் பொருள் யாது? இடர்ப்பாடு இத்தோடு நிற்கவில்லை. பிலடெல்பியா நகரில் ஆய்ந்த வேணர் ஹென்லே, கேற்றுட் ஹென்லே என்னுந் தம்பதியர், குருதியில் இவ்வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உளவா எனக் காணும் சோதனையொன்றை 1966இல் அமைத்தனர். நோயுற்ற ஆபிரிக்கக் குழந்தைகளிடம் அவை மிகுதியாக இருந்தன. ஆனால் நோயற்ற ஆபிரிக்கக் குழந்தைகளிடமும் இருந்தன. ஆபிரிக்காவைக் கண்ணாற் காணாத அமெரிக்கர் பெரும்பாலாரிடமும் இருந்தன. வளர்ந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இவ்வைரசைத் தாங்கியவர்களே என்பது இன்று தெளிவு. எங்குமுள்ள ஒன்று ஓரிடத்து நோய்க்குக் காரணமாவது எவ்வாறு? கட்டியிலே குடிபுகுந்த வெறும் பயணியே இவ்வைரசு என்றனர் மறுப்போர். அம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. அதற்கு முழு விடை இறுக்க ஏறக்குறைய இருபதாண்டுகள் சென்றன.

முதற் குறிப்பு தற்செயலாகவே கிடைத்தது. ஹென்லே தம்பதியரின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த இளம்பெண் ஒருவரின் குருதியில் இவ்வைரசுக்குரிய பிறபொருளெதிரி இல்லாதிருந்தது. ஆதலின் ஒப்பிட்டு நோக்கும்பொருட்டு அவருடைய குருதி அடிக்கடி பயன்பட்டு வந்தது. 1967இல் அவர் காய்ச்சலும் தொண்டை நோவும் கழுத்துக் கழலை வீக்கமுமாக நோயுற்று மீண்டார். மீண்டபின் நோக்கியபோது பிறபொருளெதிரி தோன்றியிருந்தது. முன்னர் வளர மறுத்த அவரது நிணநீர்க் கலங்கள் இப்போது ஆய்வுகூடத்திற் பெருகி வளர்ந்தன. அவருக்கு வந்தது, 1889இலேயே எமில் பைபர் என்னும் ஜேர்மன் வைத்தியர் விவரித்த கழலைக் காய்ச்சல். யேல் பல்கலைக்கழகத்தார் பேணிவைத்திருந்த மாணவர் குருதி மாதிரிகளும் இதனை உறுதிப்படுத்தின. இளையோரைச் சில வாரங்கள் படுக்கையிற் கிடத்திப் பின் தானே நீங்கும் காய்ச்சலும், ஆபிரிக்கக் குழந்தையின் உயிரைக் குடிக்கும் கட்டியும் ஒரே வைரசோடு தொடர்புடையன என 1968இல் அறியப்பட்டது.

வைரசு கலத்தினுட் புகுந்து செய்வதென்ன என்பதைச் சிறிது விரித்து நோக்குதல் வேண்டும். உமிழ்நீர் வழியே தொண்டையை அடையும் இவ்வைரசு, பிறபொருளெதிரிகளை ஆக்கும் தொழிலுடைய பீ வகை நிணநீர்க் கலங்களையே சிறப்பாக நாடுகின்றது. வைரசின் மேலுறையிலுள்ள புரதமொன்று அக்கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியொன்றைப் பற்றிக்கொள்கின்றது. அவ்வேற்பி வைரசுக்கென அமைந்ததன்று. கலத்தின் சொந்தத் தொழிலுக்கென அமைந்தது. வைரசு அதனை வாயிலாகக் கொள்கின்றது. பிற வைரசுகள் பல, புகுந்த கலத்தைத் தம் படிகள் ஆக்கும் பட்டறையாக்கி இறுதியில் அழித்துவிடும். இதுவோ கலத்தைக் கொல்வதில்லை. தன் பரம்பரைப் பொருளை வளையமாக மூடிக்கொண்டு, கலத்தின் கருவினுள்ளே அமைதியாய்த் தங்குகின்றது. தன் பரம்பரையலகுகளுள் ஒரு சிலவற்றை மட்டுமே தொழிற்படுத்துகின்றது. அவை ஆக்கும் புரதங்களுள் ஒன்று, கலம் பிரியுந்தோறும் வைரசின் வளையத்தைக் கலத்தின் நிறமூர்த்தங்களோடு பிணைத்து இரு மகட்கலங்களுக்கும் பங்கிடுகின்றது. வேறு இரண்டு, பெருகு என்றும் வாழ் என்றும் உடல் கலத்துக்கு விடுக்கும் கட்டளைகளைப் போலி செய்கின்றன. கட்டளை வராதபோதும் வந்ததெனக் கொண்டு கலம் பெருகுகின்றது.

இவ்வாறு பெருகும் கலங்களை உடல் வாளாவிடுவதில்லை. ரீ வகை நிணநீர்க் கலங்கள் இவற்றை இனங்கண்டு கொன்றொழிக்கின்றன. கழலைக் காய்ச்சலின் துன்பம் பெரும்பாலும் இப்போரின் துன்பமேயாகும். எஞ்சிய சில கலங்களில் வைரசு தன் புரதங்கள் ஏறக்குறைய அனைத்தையும் அடக்கிக்கொண்டு, காவலர் கண்ணிற் படாது வாழ்நாள் முழுவதும் உறைகின்றது. இடையிடையே தொண்டையில் விழித்தெழுந்து உமிழ்நீரிற் கலந்து அடுத்தவரைச் சேர்கின்றது. இதனாற் பெரும்பாலோர்க்கு எத்தீங்குமில்லை. உடலின் நிர்ப்பீடனம் குன்றியோரிடத்து, உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரிடத்தும் எயிட்ஸ் நோயாளரிடத்தும், அக்காவல் தளர்கின்றது. அந்நிலையில் இக்கலங்கள் புற்றாகப் பெருகுதல் உண்டு.

இனி, உகண்டாவுக்கு மீள்வோம். பயணியா, காரணமா என்ற வழக்கைத் தீர்க்க ஒரே வழி, நோய் வருமுன்னரே குருதியை எடுத்து வைத்தலாகும். பிரெஞ்சு அறிஞர் கை டி தே என்பவரின் தலைமையில், உகண்டாவின் மேற்கு நைல் மாவட்டத்தில், 1972 முதல் 1974 வரை ஏறக்குறைய 42,000 குழந்தைகளின் குருதி சேகரிக்கப்பட்டது. இடி அமீனின் ஆட்சி நிகழ்ந்த காலம் அது என்பதை நினைக்குங்கால் அப்பணியின் அருமை விளங்கும். பின்னர் அக்குழந்தைகளுள் எவர்க்குக் கட்டி தோன்றுகின்றதெனக் காத்திருந்தனர். 1978இல் முடிவு வெளியானபோது 14 குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். அவர்கள் யாவரும் கட்டி தோன்றுதற்குப் பன்மாதங்கள் முன்னரே வைரசைப் பெற்றிருந்தனர். ஏனைக் குழந்தைகளினும் அவர்களின் பிறபொருளெதிரி அளவு பொதுவாக மிக்கிருந்தது. கட்டி வந்தபின் ஏறிக்கொண்ட பயணியன்று இவ்வைரசு என்பது இதனாற் பெற்றாம்.

ஆயினும் வைரசு மட்டும் போதாது. சுவீடனில் ஆய்ந்த பல்கேரிய நாட்டவரான மனொலொவ் தம்பதியர், இக்கட்டியின் கலங்களிற் பதினான்காம் நிறமூர்த்தத்தில் மேலதிகத் துண்டு ஒன்று ஒட்டியிருத்தலை 1972இற் கண்டனர். அத்துண்டு எட்டாம் நிறமூர்த்தத்திலிருந்து முறிந்து வந்ததென்பது 1976இலும், கலத்தின் பெருக்கத்தை ஆளும் மிக் என்னும் பரம்பரையலகு அதில் உளதென்பது 1982இலும் தெளிவாயின. பிறபொருளெதிரியை இடையறாது ஆக்கும்படி அமைந்த பகுதியின் அருகே மிக் சென்று ஒட்டியதும், அதுவும் இடையறாது தொழிற்படலாயிற்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரிதாகத் தோன்றும் இவ்வினப் புற்றுகளிற் பெரும்பாலானவற்றில் வைரசு இல்லை. மிக் இடம்பெயரும் இப்பிறழ்வோ அவற்றிலும் உண்டு. எனவே புற்றாதற்கு இன்றியமையாதது இம்முறிவே என்றும், ஆபிரிக்கக் குழந்தையிடத்து வைரசு அதற்குத் துணைநிற்கின்றது என்றும் கொள்ளல் பொருந்தும். முறிவுற்ற கலம் இயல்பாகவே மாய்ந்துபோதற்குரியது. வைரசு அதனை மாயவிடாது காக்கின்றது.

முறிவு ஆபிரிக்காவின் அப்பட்டையிலே மிகுதல் ஏன்? இங்கேதான் பேர்கிற்றின் தேசப்படம் மீண்டும் மேலெழுகின்றது. அது மலேரியாவின் படம். 1964ஆம் ஆண்டளவிலேயே கில்பேட் டல்டோர்ப் என்னும் அமெரிக்க அறிஞர் இதனைக் குறிப்பிட்டிருந்தார். ஆண்டு முழுவதும் ஓயாது மலேரியா தாக்கும் நிலங்களிலே குழந்தையின் பீ வகைக் கலங்கள் ஓய்வின்றித் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. வைரசை அடக்கும் ரீ வகைக் கலங்களின் காவலோ தளர்கின்றது. பிறபொருளெதிரிகளைக் கூர்மைப்படுத்தும்பொருட்டு அப்பீ வகைக் கலங்கள் தம் பரம்பரைப் பொருளைத் தாமே வெட்டி மாற்றும் நொதியமொன்றைப் பயன்படுத்துவன. நெடிது நீடிக்கும் மலேரியா அந்நொதியத்தை மிகுவித்து, வெட்டத்தகாத இடத்தில் வெட்டு விழச் செய்வதை 2015இல் வெளியான எலிச் சோதனைகள் காட்டின. ஆகவே நுளம்பு காரணந்தான். அது சுமந்தது வைரசையன்று, மலேரியாவை. தவறான பொருளைத் தேடிப் புறப்பட்ட எப்ஸ்ரைன் சரியான பொருளைக் கண்டதும், சரியாக வரைந்த படத்துக்குப் பேர்கிற் தவறான பொருள் கொண்டதும் விஞ்ஞான வரலாற்றில் நினைக்கத்தக்க நிகழ்ச்சிகள்.

இவ்வைரசின் தொடர்பு இக்கட்டியோடு அமையவில்லை. தென் சீன மக்களிடை மிகுந்த மூக்குத் தொண்டைப் புற்றிலும் இதன் பரம்பரைப் பொருள் உளதென ஹரால்ட் சுர் ஹவுசன் 1970இற் காட்டினார். அங்கே துணைநிற்பது மலேரியா அன்று. மக்களின் பரம்பரை இயல்பும், இளமை முதல் உண்ணும் உப்பிட்ட மீனும் எனக் கருதப்படுகின்றது. ஹொட்ஸ்கின் நோயிற் பலவும் இரைப்பைப் புற்றிற் சிலவும் இதனோடு தொடர்புடையன. 1984இல் கேம்பிறிட்ஜ் அறிஞர் இவ்வைரசின் பரம்பரைப் பொருளை, ஏறக்குறைய 1,72,000 எழுத்துகளையும், முற்றாகப் படித்தறிந்தனர். ஹேர்ப்பிஸ் குடும்பத்தில் முழுதும் படிக்கப்பட்ட முதலாவது இதுவே. 1997இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இதனை மனிதர்க்குப் புற்று விளைக்கும் காரணிகளின் முதல் வகுப்பிற் சேர்த்தது.

தடுப்பு மருந்து காணும் முயற்சி நீண்டது. வைரசின் மேலுறைப் புரதத்தைக் கொண்டு 1985இல் எப்ஸ்ரைன் குழுவினர் குரங்கினமொன்றைக் காத்துக் காட்டினர். மனிதரிடத்து நிகழ்த்திய சோதனையின் முடிவு 2007இல் வெளியானது. கழலைக் காய்ச்சல் குறைந்ததேயன்றித் தொற்று நிற்கவில்லை. சிகிச்சையோ தடுப்பை முந்திக்கொண்டது. இப்புற்று மிக விரைந்து வளர்வது. அவ்விரைவினாலேயே, பெருகும் கலங்களைத் தாக்கும் மருந்துகளுக்கு எளிதில் இரையாவது. அறுவையாற் பயனில்லை எனக் கண்ட பேர்கிற், 1960ஆம் ஆண்டுகளில், கம்பாலாவிலேயே இம்மருந்துகளைப் பயன்படுத்தினார். ஒரு சில முறை மருந்தேற்றிய அளவிலே தாடைக் கட்டி கரைந்து பிழைத்த குழந்தைகள் உண்டு. ஆயினும் மருந்து உரிய காலத்திற் சென்று சேராத ஊர்களில் இந்நோய்க்கு இன்றும் குழந்தைகள் பலியாகின்றனர்.

பேர்கிற் 1993இலும் அச்சொங் 1996இலும் மறைந்தனர். எப்ஸ்ரைன் நூற்றிரண்டு வயது வாழ்ந்து 2024 பெப்புருவரியில் மறைந்தார். ஈவோன் பார் திருமணஞ் செய்து அவுஸ்திரேலியா சென்றார். அங்கே அவருக்கு ஆராய்ச்சிப் பணி கிடைப்பது அரிதாயிற்று. ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பாடசாலை மாணவர்க்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்து வந்த அவர் 2016இல் மெல்போர்ணிற் காலமானார்.